தேய்ந்த ஸ்டீயரிங் தோலுக்கு எண்ணெய் வேண்டாம்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை



நம் பகுதியில் கார் வைத்திருக்கும் குடும்பங்களில் பல, பழைய காரை வாங்கி ஓட்டுபவை. சிலருக்கு அது குடும்ப வண்டி. சிலருக்கு அதுவே பிழைப்பு. அப்படிப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கையில் படுவது ஸ்டீயரிங். தோல் உறை போட்ட ஸ்டீயரிங்காக இருந்தால், சில ஆண்டுகளில் அது பளபளப்பாகிவிடும். பிறகு அங்கங்கே நிறம் வெளுக்கும். கோடை வியர்வையில் உள்ளங்கையில் கருப்பு ஒட்டும். கடைசியில் சொரசொரப்பாகி, பஞ்சு போல நூல் கிளம்பும்.

இதற்கு நம் வீடுகளில் வழக்கமாக மூன்று வைத்தியங்கள் உண்டு. ஒன்று, தேங்காய் எண்ணெய் தேய்ப்பது. இரண்டு, ஷூ பாலிஷ் போடுவது. மூன்று, சந்தையில் கிடைக்கும் ரப்பர் அல்லது ரெக்ஸின் கவரை வாங்கி மேலே மாட்டுவது. முதல் இரண்டும் ஸ்டீயரிங்கை வழுக்க வைக்கும். அளவு சரியில்லாத கவர், திருப்பும்போது கைக்குள்ளேயே சுழலும். திண்டுக்கல் சாலையில் லாரிகளுக்கு இடையில் போகும்போது ஸ்டீயரிங் ஒரு விரற்கடை வழுக்கினாலும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்காமல், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாகப் பார்க்க வேண்டும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நல்ல செய்தி என்னவென்றால், தோல் கிழியாமல் இருந்தால் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே, இரண்டு நாள் விடுமுறையில், அதிகச் செலவில்லாமல் செய்துவிடலாம். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் ஏன் உதவாது?

நம் வீட்டுத் தோலும் காரின் தோலும்

தோல் வேலை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். நமக்கு அருகிலேயே திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் பல தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. அக்காலத்தில் அங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையால். மதுரைச் சீமையின் கரட்டு நிலங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாருக்குள் இறங்கி, அழுகாமல் காக்கும்.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலின் மேற்பரப்பு திறந்தே இருக்கும். தண்ணீர் ஊற்றினால் குடிக்கும். எண்ணெய் தேய்த்தால் உறிஞ்சும். பழைய செருப்பு காய்ந்து விறைத்தால் பெரியவர்கள் விளக்கெண்ணெய் தடவி வைப்பார்கள்; மறுநாள் மெத்தென்று ஆகிவிடும். அந்தத் தோலுக்கு அது சரியான வைத்தியம். அந்த அனுபவத்தைத்தான் நாம் காருக்கும் கொண்டுவருகிறோம்.

காரின் தோல் வேறு வகை. இன்றைய தோல் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிடப்படுவது. அமெரிக்காவில் 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைச் சோதித்துப் பார்த்தார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கமலைக்கு, தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தாலும் கெடாத தோல் பை வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. குரோமியத் தோல் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் வாகனத்துக்கு அது ஏற்றதாயிற்று. 1948-ல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நம் நாட்டின் முதன்மையான நிறுவனம்.

காருக்குப் போகும் தோலுக்கு இன்னொரு வேலையும் நடக்கிறது. பதனிட்டு முடிந்த பின் அதன் மேல் நிறப் பூச்சு அடிக்கிறார்கள். அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் பசையில் நிறமியைக் கலந்து மெல்லிய பூச்சு. அதன் மேல் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு. இரண்டும் சேர்ந்தாலும் தாள் கனத்தை விட மெல்லியவைதான். நம் கை தொடுவது இந்தப் பூச்சை, தோலை அல்ல.

இங்கேதான் எண்ணெய் தோற்கிறது. பூச்சின் வழியாக எண்ணெய் உள்ளே போகாது. மேலேயே தங்கும். தூசியைப் பிடித்து அழுக்காகும். பூச்சு போன இடங்களில் மட்டும் உள்ளே இறங்கித் தோலைக் கருக்கும். பிறகு அந்த இடத்தில் எந்த நிறமும் ஒட்டாது. ஷூ பாலிஷும் அப்படித்தான். அது மெழுகு, வெயிலில் உருகிக் கையிலும் சட்டையிலும் ஒட்டும்.

தேய்வது எதனால்?

கை வியர்வை, தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை, தலைக்குத் தேய்த்த எண்ணெய் மிச்சம், கையில் பூசும் கிரீம், அத்தர் ஆகிய எல்லாம் சேர்ந்து பாதுகாப்புப் பூச்சை மெல்ல மெல்ல இளக்குகின்றன. கிருமிநாசினி திரவம் போட்ட ஈரக் கையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பூச்சு இன்னும் வேகமாகப் போகும். அதிலுள்ள ஆல்கஹால்தான் காரணம். மோதிரமும் நகமும் கீறும். மருதாணி வைத்த கையின் ஈரம் வெளிர் நிறத் தோலில் கறையாகப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடையில் கார்களை நிறுத்தி அளந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் ஸ்டீயரிங்கின் வெப்பம் சராசரியாக 53 டிகிரி செல்சியஸும், டாஷ்போர்டின் வெப்பம் 69 டிகிரியும் இருந்தன. நிழலில் நின்ற கார்களில் ஸ்டீயரிங் 42 டிகிரிதான். நம் மதுரையின் கத்திரி வெயிலில் பகல் முழுவதும் வெளியில் நிற்கும் வண்டிகளின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். பல வண்டிகளில் இடது கை கியருக்குப் போய்வருவதால், எப்போதும் பிடித்திருக்கும் வலது பக்கமே முதலில் தேய்கிறது.

முதலில் மூன்று சோதனைகள்

எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் ஸ்டீயரிங் எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள்.

முதலாவது: தையல் இருக்கிறதா? உள்வட்டத்தில் தையல் ஓடினால் அது தோல் அல்லது ரெக்ஸின் உறை. தையலே இல்லாமல் முழுவதும் ஒரே வார்ப்பாக இருந்தால் அது தோல் அல்ல. பாலியூரிதேன் நுரை வார்ப்பு. குறைந்த விலை மாடல்களில் இதுவே வரும். இது பழசானால் பிசுபிசுப்பாகும். அதற்கு இக்கட்டுரையின் முறை பொருந்தாது; நன்றாகத் துடைத்துவிட்டு, தைத்து மாட்டும் உறை போடுவதே வழி.

இரண்டாவது: உரிந்த இடத்தைப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலமாக உரிந்து, அடியில் துணியின் நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின். அதற்கும் நிறம் பூசிப் பயனில்லை. படலம் தொடர்ந்து உரியும். அடியில் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்தால் அது உண்மையான தோல்.

மூன்றாவது: தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் அந்த இடம் ஈரம் குடித்துக் கருத்தால், அங்கே பூச்சு போய்விட்டது. சொட்டு உருண்டு நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. உங்களுக்குத் தேவை சுத்தம் செய்வது மட்டும்தான்.

இதோடு ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். 'இது என்ன தோல்?' என்று நம்மவர்கள் பலர் கேட்பது இயல்பு. ஸ்டீயரிங் உறைக்குப் பெரும்பாலும் பயன்படுவது மாட்டுத் தோல். பன்றித் தோலில் மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாகக் கூட்டமாக இருக்கும். மாட்டுத் தோலில் தனித்தனியாக இருக்கும். ஆனால் கனமான பூச்சும் அச்சும் உள்ள தோலில் இதைக் கண்ணால் காண்பது கடினம். புதிதாக உறை வாங்கித் தைப்பவர்கள் கடையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மார்க்கச் சட்டம் பற்றிய ஐயத்துக்கு ஆலிம்களை அணுகுங்கள்.

ஏர்பேக் எச்சரிக்கை

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். அது ஸ்டீயரிங்கின் நடுவில், ஹார்ன் மூடிக்கு அடியில் இருக்கிறது. விபத்து நேரத்தில் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விரிந்துவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டாம். இந்த வேலை முழுவதையும் வண்டியில் இருக்கும்படியே செய்யலாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

நடு மூடியின் மேல் நிறம் பூசவோ பசை தடவவோ கூடாது. அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது.

மூடியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரியும்போது ஒட்டிய பொருள் முகத்தை நோக்கிப் பாயும். துஆ எழுதிய ஸ்டிக்கராக இருந்தாலும் அதற்கு வேறு இடம் பாருங்கள்.

எந்தத் திரவத்தையும் ஸ்டீயரிங் மேல் நேரடியாகத் தெளிக்காதீர்கள். துணியிலோ ஸ்பாஞ்சிலோ எடுத்துத் துடையுங்கள். பட்டன்களுக்குள் ஈரம் போனால் செலவு வைக்கும்.

தேவையான பொருட்கள்

தோல் சுத்தம் செய்யும் திரவம் அல்லது குழந்தைகளுக்கான ஷாம்பூ. மென்மையான பழைய டூத்பிரஷ். வெள்ளைத் துணிகள் நான்கைந்து. ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சிறு குப்பி. 800, 1200 எண் உப்புத்தாள். மாஸ்கிங் டேப். தோலுக்கான நீர் வகை நிறப் பூச்சு. தோலுக்கான, பளபளப்பில்லாத நிறமற்ற மேல் பூச்சு. சிறு வெட்டுக்கள் இருந்தால் தோலுக்கான ஃபில்லர். சமையலறையில் பயன்படுத்தும் புதிய ஸ்பாஞ்ச் ஒன்று, துண்டுகளாக வெட்டியது. கையுறை. ஹேர் டிரையர்.

நிறப் பூச்சு வாங்கும்போது 'கார் உள்தோலுக்கானது' என்று பார்த்து வாங்குங்கள். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட் சாயம் வேண்டாம். அது வியர்வையில் கையில் ஒட்டும். ஸ்பிரே பெயின்ட் வேண்டாம். அது காய்ந்து விறைத்து, பிடிக்கப் பிடிக்க வெடிக்கும். ஒரு ஸ்டீயரிங்குக்கு 50 மில்லி நிறமே தாராளம். ஒரே தெருவில் கருப்பு ஸ்டீயரிங் வைத்திருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குப்பி வாங்கிக்கொண்டால் செலவு பங்காகும்.

வேலை செய்யும் முறை

முதல் நாள் மாலையில் சுத்தம் செய்யும் வேலையை முடித்துவிடுங்கள். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து வந்ததும் நிறம் பூசத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சூடான தோலில் நிறம் பூசினால் தடவத் தடவக் காய்ந்து கோடு கோடாக விழும். வண்டி நிழலில், சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். கதவுகளைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் வண்டிக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சுத்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ கலந்து, நுரையை மட்டும் பிரஷில் எடுத்து, ஒரு சாண் அளவு இடத்தை மெதுவாகத் தேயுங்கள். உடனே ஈரத் துணியால் துடையுங்கள். துணியில் வரும் கருப்பைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். துணி வெள்ளையாகவே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தையல் இடுக்குகளை மறக்காதீர்கள். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை உடையது. சலவைப் பவுடரின் காரம் அதற்கு ஆகாது.

இங்கே நிறுத்தி ஒருமுறை பாருங்கள். காய்ந்த பின் பளபளப்பு மறைந்து, நிறம் சீராக இருந்தால் வேலை முடிந்தது. பளபளப்பாகத் தெரிந்ததில் பாதி, பல ஆண்டு அழுக்கும் எண்ணெய்ப் பசையும்தான். புதிய ஸ்டீயரிங் தோல் மங்கலாகவே இருக்கும். நிறம் வெளுத்த இடங்கள் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

2. பசை நீக்கம். இரவு முழுவதும் காய விடுங்கள். காலையில் துணியில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, வட்டம் முழுவதையும் ஒருமுறை லேசாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், அது பழைய நிறத்தையும் கரைக்கும். முன்பு யாராவது ஷூ பாலிஷோ சாயமோ போட்டிருந்தால் துணியில் கட்டியாகக் கருப்பு வரும். அது முழுதும் போகும் வரை துடைக்க வேண்டும். அதன் மேல் புதுப் பூச்சு நிற்காது. இந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

3. உப்புத்தாள். சொரசொரப்பான இடங்களில் மட்டும் 800 எண் தாளால் லேசாகத் தடவுங்கள்; பிறகு 1200. நோக்கம் நூல் கிளம்பியதை அமர்த்துவதுதான். தோலை மெலிய வைப்பதல்ல. தையல் நூலின் மேல் தாள் படக் கூடாது. நூல் அறுந்தால் உறையே தளர்ந்துவிடும். தூசியை ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள்.

4. வெட்டு, கீறல். நகக் கீறல், சிறு வெடிப்பு இருந்தால் ஃபில்லரை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவுங்கள். காய்ந்த பின் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் கனமாக வைத்தால் காய்ந்து குழி விழும். மட்டமானதும் 1200 தாளால் ஒருமுறை தடவுங்கள்.

5. மறைப்பு. நடு மூடி, பட்டன்கள், வெள்ளி நிறப் பட்டைகள் எல்லாவற்றின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டாஷ்போர்டிலும் இருக்கையிலும் பழைய துணி விரித்துவிடுங்கள்.

6. நிறச் சோதனை. கருப்பு என்றாலும் எல்லாக் கருப்பும் ஒன்றல்ல. பல கார்களின் கருப்பு கரும் சாம்பல். வட்டத்தின் கீழ்ப்பகுதியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காய விட்டு, அருகிலுள்ள தோலோடு ஒப்பிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தால் சாயல் மாறும்.

7. நிறம் பூசுதல். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, முதல் பூச்சை மெல்லத் தடவுங்கள். அது திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காய வையுங்கள். பின் 15 முதல் 20 நிமிடம் இடைவெளி. அடுத்த பூச்சுகளைத் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுங்கள், கோடு விழாது. மூன்று முதல் ஐந்து மெல்லிய பூச்சுகள் போதும். ஒரு கனமான பூச்சை விட ஐந்து மெல்லிய பூச்சுகள் நீண்ட நாள் உழைக்கும். தையல் நூல் வேறு நிறமாக இருந்தால், அதன் ஓரத்தில் மெல்லிய தூரிகையால் பூசி, நூலில் பட்டதை உடனே ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஸ்டீயரிங் பூட்டு விழுந்திருந்தால் கீழ்ப்பகுதி கைக்கு எட்டாது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை இயக்காமலேயே வட்டத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

8. மேல் பூச்சு. நிறம் முழுவதும் காய்ந்த பின் நிறமற்ற பூச்சை அதே முறையில் இரண்டு மூன்று தடவை போடுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ஒரு மாதத்தில் நிறம் கையில் வந்துவிடுகிறது. பளபளப்பு வகையை வாங்காதீர்கள். அது வழுக்கும், வெயிலில் கண்ணையும் கூசச் செய்யும். சில வகைகளில் கெட்டிப்படுத்தும் திரவம் தனியாகக் கலக்கச் சொல்வார்கள். அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குப்பியில் உள்ள அளவை மீறாதீர்கள். மூடிய வண்டிக்குள் கலக்காதீர்கள்.

9. ஓய்வு. ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்தது போலத் தெரியும். ஆனாலும் மறுநாள் வரை வண்டியை எடுக்காதீர்கள். முதல் வாரம் ஈரத் துணி, சோப்பு எதுவும் வேண்டாம். பூச்சு முழு வலிமை பெறச் சில நாட்கள் ஆகும்.

எப்போது இந்த வேலை வேண்டாம்?

தோல் கிழிந்து உள்ளிருக்கும் நுரை தெரிந்தால், தையல் பிரிந்தால், உறை வட்டத்தின் மேல் நகர்ந்தால் நிறம் பூசுவதில் பயனில்லை. அப்போது புதிய உறையை வைத்துக் கையால் தைப்பதே முறை. சீட் கவர் போடும் கடைகளில் இதைச் செய்வார்கள். அதிலும் இரண்டைக் கவனியுங்கள். உறை உங்கள் வட்டத்தின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களின் வட்டம் 36 முதல் 38 சென்டிமீட்டர் குறுக்களவு. தைத்த பின் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். உறை சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் பணம் கொடுக்கும் முன் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம், இறுக்கம், சத்தம், ஒரு பக்கம் இழுத்தல் இருந்தால் அது தோலின் குறை அல்ல. முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உறையை அழகாக்குவது அதற்குப் பிறகு.

அப்புறம் பராமரிப்பு

வாரம் ஒருமுறை, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய், பாலிஷ், டாஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்புத் திரவம் எதையும் ஸ்டீயரிங்கில் படவிடாதீர்கள். கிருமிநாசினியோ அத்தரோ போட்டால் கை முழுதும் காய்ந்த பின் பிடியுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லாத இடத்தில் முன் கண்ணாடிக்குத் தடுப்பு வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்டீயரிங் மேல் ஒரு வெளிர் நிறத் துண்டைப் போட்டு வைத்தாலே பாதி வெயில் தடுக்கப்படும். ஓட்டும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும்

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். பழைய கார் வாங்குபவர்கள் மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்புவதில்லை. ஸ்டீயரிங், பிரேக் மிதி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். 30,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லி, ஸ்டீயரிங் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சந்தேகம் வரும். அந்த வகையில் தேய்ந்த தோல் ஒரு சாட்சி.

நாம் நிறம் பூசும்போது அந்தச் சாட்சியை அழிக்கிறோம். நம் சொந்த உபயோகத்துக்குச் செய்தால் அதில் குற்றமில்லை. ஆனால் வண்டியை விற்கும்போது, 'ஸ்டீயரிங்குக்குப் புது நிறம் பூசியிருக்கிறது' என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். குறையைச் சொல்லி விற்பதையே நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தால் விலையில் ஆயிரம் இரண்டாயிரம் குறையலாம். வாங்கியவரின் மனதில் நம்மைப் பற்றிய நம்பிக்கை குறையாது. விற்பனைக்காக மட்டும் அவசரமாகப் பூசி, ஓடிய தூரத்தை மறைப்பது வியாபாரம் அல்ல, ஏமாற்று.

வாங்குபவர்களும் ஏமாறாமல் இருக்கச் சில அடையாளங்கள் உண்டு. தையல் நூலிலும் தோலின் அதே நிறம் படிந்திருக்கிறதா? பட்டன் ஓரங்களில் நிறம் வழிந்திருக்கிறதா? ஈர வெள்ளைத் துணியால் துடைத்தால் கருப்பு வருகிறதா? ஸ்டீயரிங் புதிதாகவும் மிதிகள் தேய்ந்தும் இருக்கின்றனவா? இருந்தால் நேராகக் கேளுங்கள். சர்வீஸ் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

நம் பிள்ளைகளில் கைவேலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது கற்றுக்கொள்ளத் தக்க சிறு தொழிலும்கூட. கார் இருக்கை, மோட்டார் சைக்கிள் சீட், வீட்டு சோபா, கைப்பை என்று தோல் உள்ள இடமெல்லாம் இதே முறைதான். முதலீடு குறைவு, தேவைப்படுவது பொறுமையும் சுத்தமான கையும். முதலில் பழைய கைப்பை ஒன்றில் பழகிவிட்டு, பிறகு வீட்டு வண்டியில் செய்து பார்க்கட்டும். அத்தாவோ அண்ணனோ ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் இருந்து செய்தால், வீட்டிலேயே ஒரு பாடமாக இருக்கும்.

கட்டுரையில் மூன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் தேய்க்காதீர்கள், முதலில் சுத்தம் செய்து பாருங்கள், நடு மூடியைத் தொடாதீர்கள். நம் வண்டிகளில் பயணம் செய்யும் ஒவ்வொருவரும் பத்திரமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக.